மூன்றாம் மாடியில் ஒழுகும் கூரை: ‘டார்க் வாட்டர்’ பார்த்தவர்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

ஹிதேயோ நகாத்தா 2002 இல் எடுத்த ஜப்பானியப் படம் ‘டார்க் வாட்டர்’. பார்த்தவர்களிடம் கேட்டால் இரண்டு பதில்கள் மாறி மாறி வரும். “இதில் பயப்பட என்ன இருக்கு? ஒரு பை வருது, தண்ணி சொட்டுது, அவ்வளவுதானே” என்பார் ஒருவர். “பயம் எங்கே வந்தது, அழுகைதான் வந்தது” என்பார் அடுத்தவர். இரண்டு பேரும் ஒரே 101 நிமிடங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள். முதல் அரைமணி நேரத்தில் எதைக் கவனித்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. கதையை முடிவு வரை சொல்லாமல் இதைப் பேச முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

யோஷிமி விவாகரத்து வழக்கில் இருக்கும் பெண். மகள் இகுகோவுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. மகள் யாரிடம் வளர்வது என்று குடும்ப நீதிமன்றத்தில் பேச்சு நடந்துகொண்டிருக்க, இருவரும் ஒரு பழைய கான்கிரீட் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில், 305 ஆம் எண் வீட்டுக்குக் குடிவருகிறார்கள். லிஃப்டுக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. படுக்கைக்கு மேலே சீலிங்கில் ஒரு ஈரக்கறை. மேலே 405 இல் யாரோ ஓடும் சத்தம். மொட்டைமாடியில் கிடைத்த சிறுமியின் சிவப்புப் பையைத் தூக்கிப் போட்டாலும் திரும்பி வருகிறது. கொஞ்ச காலம் முன்பு அந்தக் கட்டிடத்திலிருந்து மிட்சுகோ என்ற சிறுமி காணாமல் போயிருக்கிறாள்.

இந்த வகைப் படம் எதுவானாலும் பார்வையாளர் முதலில் கேட்பது இதைத்தான்: “இவ்வளவு நடந்தும் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?” பல படங்கள் இதற்குப் பதில் வைத்திருப்பதில்லை. கதாபாத்திரத்தைக் கொஞ்சம் மண்டாக்கிவிட்டு நகர்ந்துவிடும். ‘டார்க் வாட்டர்’ பேயைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிடுகிறது. ஆனால் வசனமாக உரக்கச் சொல்வதில்லை. நீதிமன்ற அறை, வீட்டுத் தரகர், புது வேலைக்கான நேர்காணல் என்று சின்னச் சின்னக் காட்சிகளில் வைத்துவிடுகிறது. அங்கே போனை நோண்டிக்கொண்டிருந்தவருக்கு மீதிப் படம் வெறும் ஒழுகல்தான்.

அன்றைய ஜப்பானில் வாடகை வீடு மாறுவது என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் இது இன்னும் தெளிவாகும். குடிபோகும் அன்றே கட்ட வேண்டியவை: ஷிகிகின் என்ற முன்பணம், வழக்கமாக ஒன்றிரண்டு மாத வாடகை. இதில் பழுதுச் செலவு போக மீதி திரும்பும். ரெய்கின் என்ற ‘நன்றிப் பணம்’, பல இடங்களில் இதுவும் ஒன்றிரண்டு மாத வாடகை. இது வீட்டுக்காரருக்கே, திரும்பாது. தரகருக்கு ஏறக்குறைய ஒரு மாதம். முதல் மாத வாடகை முன்கூட்டியே. ஆகமொத்தம் நான்கு முதல் ஆறு மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் தட்ட வேண்டும். மாத வாடகை 80,000 யென் என்று வைத்துக்கொண்டாலும் 3,20,000 முதல் 4,80,000 யென் ஆகிறது. போதாததற்கு ஜாமீன் கையெழுத்துப் போட நிலையான வருமானமுள்ள ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அது அப்பாவோ அண்ணனோதான். கணவனோடு வழக்காடிக்கொண்டு, இப்போதுதான் ஒரு சிறு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை தேடிப் பிடித்திருக்கும் பெண்ணுக்கு இரண்டு மாதத்தில் இரண்டாவது வீடு என்பது கனவு.

பணத்தைவிடப் பெரிய கைவிலங்கு சட்டம். படம் வந்த காலத்தில் ஜப்பானில் விவாகரத்துக்குப் பின் பிள்ளையின் பொறுப்பு தாய் தந்தை இருவரில் ஒருவருக்கு மட்டுமே. பகிர்ந்துகொள்ள வழியில்லை. அதை மாற்றும் சட்டத் திருத்தம் 2024 இல்தான் நிறைவேறியது. வழக்கு நீதிபதி முன் போவதற்கு முன்னால் சமரசப் பேச்சு கட்டாயம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சமரசக்காரர்கள் பார்ப்பது குழந்தையின் அன்றாடம் குலையாமல் இருக்கிறதா என்பதைத்தான்: அதே வீடு, அதே பாலர் பள்ளி, ஒழுங்கான வருமானம், நேரத்துக்கு வந்து அழைத்துப்போகும் பெரியவர். யோஷிமி முன்பு கொடூரக் கதைகளை மெய்ப்புப் பார்த்து மனம் பாதிக்கப்பட்டு மருத்துவம் எடுத்தவள் என்பதைக் கணவன் தரப்பு ஏற்கெனவே மேசையில் வைத்துவிட்டது. “மேல்வீட்டில் பேய் இருக்கிறது, அதனால் மறுபடியும் வீடு மாறுகிறேன்” என்று அவள் சொன்னால் அந்தக் கணமே வழக்கு முடிந்தது. அவளுக்கு உதவும் வக்கீல் கிஷிதாவும் இப்போது வீடு மாறினால் வழக்குக்குக் கெடுதல் என்றுதான் சொல்கிறார். பேய்க்கும் நீதிமன்றத்துக்கும் நடுவில் அந்தப் பெண் நசுங்குகிறாள். படத்தைக் கொண்டாடுகிறவர்கள் கொண்டாடுவது இந்த அமைப்பைத்தான்.

நகாத்தாவின் முந்தைய வெற்றியான ‘ரிங்’ (1998) படத்தோடு ஒப்பிட்டால் ஏமாற்றம் எங்கிருந்து கிளம்புகிறது என்பதும் பிடிபடும். இரண்டுக்கும் மூலக்கதை கோஜி சுசுகி, இசை கெஞ்ஜி கவாய். ‘ரிங்’கில் ஒரு கடிகாரம் ஓடியது: சபிக்கப்பட்ட வீடியோவைப் பார்த்தால் ஏழு நாளில் சாவு. அந்த எண்ணிக்கையே பாதி பயத்தைக் கொடுத்தது. ‘டார்க் வாட்டர்’ படத்திலும் கடிகாரம் உண்டு, ஆனால் அது சமரசப் பேச்சின் அடுத்த தேதி. ‘ரிங்’ போல இன்னொன்று என்று நம்பி உட்கார்ந்தவருக்கு ‘இந்தப் பேய்க்கு ரூல்ஸே இல்லையே’ என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

கறை எப்படிப் பரவுகிறது

படத்தின் முக்கியமான பேய் வேடம் சீலிங்கில் இருக்கும் அந்த ஈரக்கறைக்குத்தான். ஓதம் ஏறிய சுவரோடு மழைக்காலம் கழித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் படம் அதை எவ்வளவு சரியாகக் கவனித்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மேல்வீட்டில் கசியும் தண்ணீர் நேர்கீழே விழாது. கான்கிரீட் தளத்தில் முடி அளவு விரிசல், மின்கம்பி போகும் குழாய், உத்தரத்தின் ஓரம் என்று சுலபமான பாதையைத் தேடி நகர்ந்து, எங்கே இறங்க இடம் கிடைக்கிறதோ அங்கே வெளிப்படும். முதலில் ஒரு கை அகலத்துக்கு நிறம் மங்கும். காய்ந்தால் போய்விட்டது போலிருக்கும். மறுபடி நனையும்போது தண்ணீர் தன்னோடு துருவையும் தூசியையும் கரைத்துக்கொண்டு ஓரத்துக்குத் தள்ளும். ஓரத்தில்தான் ஈரம் வேகமாக ஆவியாகும் என்பதால் அந்த அழுக்கு அங்கேயே படிந்து பழுப்பு வளையமாகும். அடுத்த நனைவில் இன்னொரு வளையம். மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி, கறையைப் பார்த்தே பல முறை ஒழுகியிருக்கிறது என்று ஓரளவு ஊகித்துவிடலாம். பிறகு சுண்ணாம்பு உப்பி, பட்டுப்போய், சொட்டத் தொடங்கும். படம் இந்த வரிசையைக் குலைக்காமல் போகிறது. ஒவ்வொரு முறை காட்டும்போதும் கறை கொஞ்சம் பெரிது, வாளியில் விழும் சொட்டு கொஞ்சம் வேகம். இசை வந்து “பார், பார்” என்று சொல்வதில்லை. “ஒண்ணுமே நடக்கலை” என்று சொல்லப்படும் காட்சிகளில் நடந்துகொண்டிருப்பது இதுதான்.

இப்படி ஒழுகினால் செய்ய வேண்டியது என்ன? பழுது பார்த்துத் தருவது வீட்டுக்காரரின் கடமை என்று ஜப்பானின் குடிமைச் சட்டம் 606 ஆவது பிரிவில் சொல்கிறது. யோஷிமி செய்வதும் சரியானதைத்தான். கட்டிட நிர்வாகியிடம் சொல்கிறாள், தரகரிடம் சொல்கிறாள். ஒருவர் மாற்றி ஒருவர் தட்டிக்கழிக்கிறார்கள். கடைசியில் வக்கீல் வந்து குரலை உயர்த்திய பிறகுதான் வேலை நடக்கிறது. பெண்கள் பலர் இந்தப் பகுதியைப் பேயைவிட எரிச்சலூட்டுவதாகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே புகாரை அவள் சொன்னால் ‘பதற்றம்’, கோட்டு போட்டவர் சொன்னால் ‘புகார்’.

கட்டிட வேலை தெரிந்தவர்கள் எழுப்பும் ஒரு சந்தேகமும் உண்டு. 405 இல் குழாய் திறந்து கிடந்து வீடே தண்ணீராக இருப்பதாகக் காட்டுகிறார்களே, சாத்தியமா? கணக்குப் போடலாம். 40 சதுர மீட்டர் வீட்டில் 10 செ.மீ. தண்ணீர் நிற்க 4,000 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் விடும் குழாய்க்கு ஏழு மணி நேரம்கூட ஆகாது. அதாவது நிரம்புவது சுலபம். தேங்கி நிற்பதுதான் கடினம். வாசற்கதவின் இடுக்கு, பால்கனி, குளியலறை வடிகால் என எல்லாவற்றிலும் வெளியேறிவிடும்; மாடிப்படியில் அருவி கொட்டியிருக்க வேண்டும். எடையும் சும்மா இல்லை. 10 செ.மீ. தண்ணீர் சதுர மீட்டருக்கு 100 கிலோ. ஜப்பானில் குடியிருப்பு அறையின் தளத்தை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 கிலோ சுமைக்குக் கணக்கிடுகிறார்கள். ஆக, கணுக்கால் தண்ணீருக்குத் தளம் தாங்கும். முழங்காலுக்கு ஏறினால் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். படம் கணுக்காலோடு நிறுத்திக்கொண்டது. தற்செயலாகவே இருக்கலாம், ஆனால் பொறியாளர் கோபப்பட இடமில்லை.

மொட்டைமாடித் தொட்டி

மிட்சுகோவின் முடிச்சு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் அவிழ்கிறது. கடைசியாகத் தொட்டியைக் கழுவிய நாளும் குழந்தை காணாமல் போன நாளும் ஒன்று என்பதை யோஷிமி கண்டுகொள்கிறாள். அன்று மூடி திறந்திருந்தது. பையை எடுக்கப் போன குழந்தை உள்ளே விழுந்திருக்கிறாள். ஆளில்லாத மொட்டைமாடியில் தொட்டியின் தகடு உள்ளிருந்து அடி வாங்கிப் புடைத்துக்கொண்டு வரும் காட்சிதான் படத்திலேயே அதிகம் பேசப்படுவது. (கண்ணாடியிழைத் தொட்டியாக இருந்தால் புடைக்காது, விரிசல்தான் விடும். இந்தக் காட்சிக்கு உலோகத் தொட்டிதான் தோது.)

“அத்தனை நாள் பிணம் கிடந்தால் தண்ணீர் நாறாதா, யாருமே கவனிக்கவில்லையா?” என்பது அடுத்த கேள்வி. இதற்கு அந்த நாட்டுத் தண்ணீர் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். நம்மூரில் சம்ப், மோட்டார், மேல்தொட்டி என்று இருப்பது போலவேதான். நகராட்சிக் குழாய் கீழே ஒரு தொட்டியை நிரப்பும், மோட்டார் மேலே ஏற்றும், அங்கிருந்து இறங்கும் தண்ணீரே வீடுகளுக்கு. தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். கொள்ளளவு 10 கன மீட்டரை, அதாவது 10,000 லிட்டரைத் தாண்டும் தொட்டி ஏற்பாடென்றால் ஆண்டுக்கு ஒரு முறையாவது கழுவி, சோதனை செய்தாக வேண்டும் என்று தண்ணீர் வழங்கல் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஆள் இறங்கும் வாய் 60 செ.மீ. அகலம் இருக்க வேண்டும், மூடியில் பூட்டு இருக்க வேண்டும், வழிந்தோடும் குழாயில் பூச்சி புகாத வலை இருக்க வேண்டும்.

10 கன மீட்டருக்குக் கீழே போனால் பிடி தளர்ந்துவிடும். சின்னக் கட்டிடம், பாதி வீடு காலி, வயதான நிர்வாகி, ஒரே பூட்டு. அதையும் மாட்டாமல் விட்டால் யார் கேட்பது? தொட்டி பாதி காலியாகவே இருந்து, தண்ணீர் மெதுவாகச் சுழன்றால் கலங்கலை “பழைய பைப்புதானே” என்று குடியிருப்போரே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். யோஷிமிக்குக் குழாய்த் தண்ணீரில் முடி வருகிறது. அப்போதும் அவள் மனம் முதலில் போவது பிணத்துக்கு அல்ல. இது திரைக்கதையின் ஓட்டை இல்லை, மனிதர்கள் உண்மையில் அப்படித்தான்.

இன்னொரு சின்ன விவரம். ஜப்பானில் 1990களின் நடுவிலிருந்து நேரடியாக அழுத்தம் கூட்டி மாடிகளுக்கு அனுப்பும் பம்புகள் வரவர, மொட்டைமாடித் தொட்டி குறையத் தொடங்கியது. 2002 இல் தொட்டியைக் காட்டுவதே ‘இது யாரும் செலவு செய்யாத பழைய கட்டிடம்’ என்று உள்ளூர்ப் பார்வையாளருக்குச் சொல்லிவிடும்.

“இப்படியொரு கதை இருப்பதைத் தரகர் சொல்லியிருக்க வேண்டாமா?” என்று கேட்பவரும் உண்டு. கொலையோ தற்கொலையோ நடந்த வீட்டை ஜப்பானில் ‘ஜிகோ புக்கென்’ என்பார்கள். வாடகை குறையும், அதை மறைத்தால் தகராறு வரும். வாடகை வீட்டில் அத்தகைய சாவு நடந்தால் பொதுவாக மூன்று ஆண்டு வரை சொல்லியாக வேண்டும் என்று 2021 இல் அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. முதுமையால் வந்த சாவுக்கும் வீட்டில் வழுக்கி விழுந்த சாவுக்கும் அது பொருந்தாது. மிட்சுகோ செத்தாள் என்றே யாருக்கும் தெரியாது. அவள் காணாமல் போனவள், அவ்வளவுதான். இன்றைய விதிப்படியும் தரகர் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

மாடி எண்ணிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஜப்பானிய மொழியில் நான்குக்கும் சாவுக்கும் ‘ஷி’ என்ற ஒரே ஒலி. மருத்துவமனைகளில் நான்காம் எண் அறையை விட்டுவிடும் வழக்கம் உண்டு. பேய் வீடு நான்காம் மாடியில் இருப்பதை அங்கே யாரும் வியந்து பேச மாட்டார்கள். நமக்கு எட்டு, மேற்கில் பதின்மூன்று மாதிரி.

தலைக்கு மேல் ஓடும் கால்கள்

சத்தத்தைப் பற்றி ரசிகர்கள் ஒரே குரலில் பேசுவார்கள்: நல்ல ஹெட்போன் இல்லாமல் பார்க்காதே. இதில் உண்மை இருக்கிறது. மேல்வீட்டில் குழந்தை ஓடும் தடதடப்பு காற்று வழியாக வருவதில்லை. கான்கிரீட் தளமே மேளத்தோல் மாதிரி அதிர்ந்து கீழறையில் ஒலிக்கிறது. அதனால்தான் சன்னலை மூடினாலும் குறையாது, எந்த மூலையிலிருந்து வருகிறது என்றும் சொல்ல முடியாது. ஜப்பானில் இது அண்டை வீட்டுச் சண்டைகளில் முதல் வரிசைக் காரணம். தளத்தின் இரைச்சலைச் சோதிக்கும் அந்நாட்டுத் தர அளவையில் குழந்தை குதிப்பதைப் போலச் செய்யவென்றே ஒரு முறை இருக்கிறது: ஒரு டயரைத் தரையில் விழவைப்பார்கள், அல்லது 2.5 கிலோ எடையுள்ள ரப்பர் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவார்கள். கீழறையில் எவ்வளவு கேட்கிறது என்று அளப்பார்கள். அப்படிப்பட்ட நாட்டில் காலி வீட்டிலிருந்து வரும் ஓட்டச் சத்தத்துக்குத் தனியாக இசை சேர்க்க வேண்டியதில்லை. கவாயும் பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கிறார். மழைச் சத்தமும் லிஃப்டின் முனகலும் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

லிஃப்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் முறை வீடு பார்க்க வரும்போதே, லிஃப்டுக்குள் யோஷிமியின் கையை ஒரு சின்னக் கை பிடிக்கிறது. மகளின் கை என்று நினைக்கிறாள். அந்த ஒரு தொடுதலில் கடைசிக் காட்சி ஒளிந்திருக்கிறது. முதல்முறை பார்ப்பவர்களில் பலர் இதைத் தவறவிடுவார்கள். “ரெண்டாவது தடவை பார்த்தப்பதான் படம் புரிஞ்சுது” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

குறை சொல்பவர்கள் சரியாகச் சொல்வதும் இங்கே ஓரிடம்: பேயின் முகம். முக்கால்வாசிப் படம் மஞ்சள் மழைக்கோட்டின் முதுகையும் மங்கலான உருவத்தையும் மட்டும் காட்டிவிட்டு, உச்சத்தில் அழுகிய முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டுகிறார்கள். காட்டியதும் அது வெறும் ஒப்பனை ஆகிவிடுகிறது. லிஃப்ட் கதவு திறந்து பழுப்புத் தண்ணீர் கொட்டும் இடமும் கொஞ்சம் ஓவர்தான். அதுவரை ஒரு சொட்டை வைத்து மிரட்டிய படத்துக்கு ஆற்று வெள்ளம் தேவைப்படவில்லை.

அந்தக் கடைசிப் பத்து நிமிடம்

பெரிய சண்டை முடிவைப் பற்றியது. குளியல் தொட்டியில் மயங்கிக் கிடந்த மகளைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் ஓடுகிறாள் யோஷிமி. கதவு மூடும் நேரம் எதிரே வீட்டிலிருந்து உண்மையான இகுகோ தள்ளாடி வெளியே வருகிறாள். அப்படியானால் இடுப்பில் இருப்பது யார்? மிட்சுகோ கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அவளுக்கு வேண்டியது ஒரு அம்மா. பிடியை உதறினால் மகளுக்கு ஆபத்து என்று தெரிந்ததும் யோஷிமி “நான்தான் உன் அம்மா” என்று அந்தப் பேயை ஏற்றுக்கொண்டு, அழும் மகளை வெளியே விட்டுவிட்டு மேலே போகிறாள். படம் அங்கே முடிந்திருக்கலாம் என்பது ஒரு கட்சி. பத்து ஆண்டுக்குப் பின் வளர்ந்த இகுகோ பாழடைந்த கட்டிடத்துக்கு வந்து, துளி தூசியில்லாமல் இருக்கும் 305 இல் அம்மாவைச் சந்திக்கும் பகுதி ஒட்டுப்போட்டது மாதிரி இருக்கிறது என்பார்கள்.

அந்தப் பகுதி இல்லாவிட்டால் படம் அரைகுறை என்பதுதான் என் கட்சி. படம் தொடங்குவதே மழையில் பாலர் பள்ளி வாசலில் அம்மாவுக்காகக் காத்திருக்கும் ஒரு குழந்தையோடு. அது சின்ன வயது யோஷிமி. அம்மா வரவில்லை. மிட்சுகோவையும் அவள் அம்மா விட்டுப் போயிருக்கிறாள். இகுகோவும் ஒரு நாள் அதே மாதிரி காத்திருக்கிறாள். கைவிடப்பட்ட மூன்று குழந்தைகளில் ஒருத்திக்காவது ‘அம்மா உன்னை விட்டுப் போகவில்லை’ என்று யாராவது சொல்ல வேண்டும். லிஃப்ட் கதவோடு முடித்திருந்தால் இகுகோவும் மற்ற இருவரில் ஒருத்தியாகியிருப்பாள்.

ஜப்பானியப் பார்வையாளருக்கு இது அவ்வளவு புதிதும் இல்லை. அங்கே பழைய நாட்டுக்கதை ஒன்று உண்டு: ராத்திரிதோறும் வெளிறிய பெண் ஒருத்தி மிட்டாய்க் கடைக்கு வந்து இனிப்பு வாங்கிப் போவாள். கடைக்காரர் ஒரு நாள் பின்தொடர்ந்தால் அவள் கல்லறையில் மறைவாள். தோண்டிப் பார்த்தால் செத்த தாயின் பக்கத்தில் உயிரோடு ஒரு குழந்தை, வாயில் மிட்டாய். கியோட்டோவில் ‘பேய் பிள்ளை வளர்த்த மிட்டாய்’ என்ற பெயரில் இன்றும் இனிப்பு விற்கிறார்கள். செத்த பின்னும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா அங்கே பயமுறுத்தும் உருவம் இல்லை. நம்மூர் வாசகருக்கும் இது பழகியதுதான். பிள்ளையை விட்டுப் போக மனமில்லாத அம்மா ஆவியாகச் சுற்றும் கதை எந்த ஊரில் இல்லை?

2005 இல் வால்டர் சாலெஸ் இயக்கிய அமெரிக்க மறுஆக்கம் கதையை நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் தீவுக்கு எடுத்துப் போனது. ஜெனிஃபர் கானலி அம்மாவாக நடித்தார். நடிப்பில் குறை சொல்ல முடியாது. வீட்டைக் காட்டி ஏமாற்றும் தரகராக ஜான் சி. ரெய்லி வாயைத் திறந்தாலே சிரிப்பும் எரிச்சலும் வரும். ஆனால் பத்து ஆண்டு இடைவெளியைத் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பதில், சில வாரங்கள் கழித்து லிஃப்டுக்குள் அம்மாவின் ஆவி மகளுக்குத் தலை பின்னிவிடுகிறது. அழகான காட்சிதான், இருந்தாலும் சின்னக் குழந்தைக்குச் சொல்லும் ஆறுதலாக நின்றுவிடுகிறது. ஜப்பானியப் படத்தில் பதினாறு வயதுப் பெண் “நான் உன்னோடவே இருக்கட்டுமா?” என்று கேட்பதும், அம்மா மன்னிப்புக் கேட்டு மறுப்பதும் வேறு ஜாதி வலி. மூலப்படம் பார்க்காதவர்கள் மறுஆக்கத்தை நன்றாகவே ரசிக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தமிழில் இதே வகைக்குச் சட்டென்று நினைவு வருவது விக்ரம் கே. குமார் இயக்கி, மாதவன் நடித்து 2009 இல் வந்த ‘யாவரும் நலம்’. இந்தியில் ‘13பி’. பதின்மூன்றாம் மாடி, மாதவனுக்கு மட்டும் நகராத லிஃப்ட், திரிந்துபோகும் பால், வீட்டுக் கதையையே காட்டும் மதியத் தொடர். பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவில் அது நல்ல வெளிச்சத்திலேயே பயமுறுத்தியது. ஆனால் அணுகுமுறை நேரெதிர். ‘யாவரும் நலம்’ கண்டுபிடிக்க வேண்டிய ஒரு கொலைகாரனை வைத்திருக்கிறது, அதனால் இரண்டாம் பாதி துப்பறியும் வேகத்தில் ஓடுகிறது. ‘டார்க் வாட்டர்’ படத்தில் குற்றவாளி என்று யாருமில்லை. பூட்டப்படாத ஒரு மூடி, வராமல் போன ஒரு அம்மா, பதில் சொல்லாத ஒரு நிர்வாகி. யாரைப் பிடித்து அடிப்பது? முடிவில் பழிதீர்ந்த திருப்தி வேண்டும் என்று உட்கார்பவருக்கு இதனால்தான் கை காலியாக இருப்பது போலப் படுகிறது.

முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு யோசனை. பகலில் சன்னலைத் திறந்துவைத்துப் பார்த்தால் சாம்பலும் பச்சையும் கலந்த அந்த மங்கல் நிறங்களில் பாதி கண்ணுக்கே தெரியாது, இருட்டிய பிறகு பாருங்கள். கிஷிதா சொல்லிச் சீலிங்கைப் பழுதுபார்த்த பின் கொஞ்ச நேரம் கறை இல்லாத வெள்ளைக் கூரை தெரியும். படம் அமைதியாகிவிட்டது, தேநீர் போட்டு வரலாம் என்று எழுந்துவிடாதீர்கள். இகுகோவின் பைக்குள்ளிருந்து அந்தச் சிவப்புப் பை மறுபடியும் வெளிவருவது அப்போதுதான்.